வயிற்றில் பட்டாம்பூச்சி

வாசலில் செருப்பு இரண்டும் சுவரில் மோதி விழுந்தன. உள்ளே டிவி பட்டென்று நின்றது. மகள் பாடப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பாளர் காகிதக் கட்டோடு நேரே சமையலறைக்குப் போனார்.

"அடுப்பை அணை. வந்து உட்காரு. கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நான் என்னங்க பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. வெளிநாட்டு டாக்டருங்க போட்ட கேள்வி இது. அவங்கவங்க உடம்பும் மனசும் எப்படி இருக்குன்னு அவங்கவங்களே சொல்லணும். நான்தான் தமிழ்ல போட்டேன். யார்கிட்ட கேட்டாலும் 'பரவாயில்லை'ங்கறாங்க! நாளைக்குள்ள சரி பண்ணலன்னா என் சீட்டு கிழிஞ்சுது."

எரிச்சல் வராதா? யாருக்கும் வரும்.

"கடந்த மாதத்தில் உங்கள் மனநிலை?"

"பரவாயில்லை."

"தூக்கம்?"

"பரவாயில்லைங்க."

"உங்கள் வயிற்றில் பட்டாம்பூச்சி பறந்ததுண்டா?"

அவள் விழித்தாள். "பூச்சியா? போன மாசம்தானே பூச்சி மருந்து சாப்பிட்டேன்?"

"மரமண்டை!" மேஜையில் ஓங்கி அறைந்தார். டம்ளர் உருண்டது. "பயம்டி! பதற்றம்! அதைக் கேக்கறாங்க!"

"அதுவா... வயித்துல புளியைக் கரைக்குதுன்னு சொல்லுவோம்" என்றாள், குரல் எழும்பாமல்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பட்டாம்பூச்சியை அடித்துவிட்டுப் புளியை எழுதினார்.

"இப்பக் கேக்கறேன் பாரு. கடந்த மாதத்தில் உங்கள் வயிற்றில் புளியைக் கரைத்ததுண்டா? மறுபடியும் பரவாயில்லைன்னு சொன்னே, தெரியும் சேதி!"

அவள் உருண்டு கிடந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தாள். மகள் கதவருகே வந்து நின்றாள்.

"சொல்லித் தொலையேன்!"

"நான் சொன்னது யாருக்கும் தெரியாதுல்ல?"

"பேரே கேக்க மாட்டோம். எல்லாம் ரகசியம். தைரியமா சொல்லு. இல்லவே இல்லை, எப்போதாவது, தினமும். இதுல எது?"

"தினமும்."

பேனா நின்றது. "தினமுமா? அப்படி என்ன பயம் உனக்கு? எப்போ வருது?"

அவள் மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சாயங்காலம். வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கறப்போ."