நேரில் வந்தால் பேசலாம்

"ஆளை நேரில் பார்க்காமல் வைத்தியமா? அதெல்லாம் சட்டமாக வராதும்மா" என்றார் அதிகாரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். போனில் பார்த்து டாக்டர் எழுதுகிற மாத்திரையை அரசு மருந்தகத்தில் கொடுக்கச் சட்டம் கொண்டுவரலாமா என்பதுதான் பேச்சு. பிளவக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த இருளம்மாள், பிடித்த மைக்கை விடவில்லை.

"எங்க வீட்டுக்காரரு பக்கவாதத்துல படுத்து ஒரு வருசமாச்சுய்யா. மாத்திரைக்காக மாசாமாசம் அவரத் தூக்கிட்டு வரச் சொல்றீக. போன மாசம் பஸ் படியில நழுவ விட்டுட்டோம். இடுப்பெலும்பு முறிஞ்சு கெடக்காரு. டாக்டரு போன்ல பாத்தா ஆகாதா?"

"விட்டுவிட்டுக் கேட்குது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை விடாமல் மறுபடியும் சொன்னாள், சத்தமாகவே.

"முகத்தை மட்டும் பார்த்து ஒரு மனுஷனோட கஷ்டம் எப்படிம்மா தெரியும்? எதிரில் உட்கார்ந்து பார்த்தால்தான் சரியான முடிவு எடுக்க முடியும்."

"அப்ப எங்க கஷ்டமும் உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"ஏம்மா, அய்யாகிட்ட மரியாதையாப் பேசு" என்று பக்கத்திலிருந்த ஊழியர் அதட்டினார்.

"மரியாதையாத்தான் கூப்பிடுதேன். நாங்க அம்புட்டுப் பேரும் நேர்லதான வந்துருக்கோம்? அய்யாவும் வரட்டும். பொறவு முடிவு சொல்லட்டும்."

மேசைமேல் இருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினாள்.

சென்னையில் உட்கார்ந்தபடி சுவர் டிவியில் பேசிக்கொண்டிருந்த அதிகாரியின் திறந்த வாய், அப்படியே காணாமல் போனது.