வார்னிஷ் காய ஒரு வாரம்

“ஐலியை எப்படியாவது ஒரு வாரத்துக்கு அந்த வீட்டை விட்டுக் கிளப்பணும். அதை நீதான் செய்யணும்” என்றார் எல்மர், மார்னியின் கடைக் கதவைச் சாத்திக்கொண்டே.

மார்னி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். அமெரிக்காவில், ஏரிக்கரையிலுள்ள துலூத் நகரத்தில் இருபது வருடமாக வீடுகளுக்கு மரத்தரை போடுகிறாள். இப்படி ஒரு வேலை யாரும் சொன்னதில்லை. “என்ன எல்மர், ஏதாவது வில்லங்கமா?”

“ஐயையோ, அதெல்லாம் இல்ல!” எல்மரின் காதுகள் சிவந்துவிட்டன. வயது அறுபத்தாறு. மனைவி இறந்து ஆறு வருடம். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஐலியும் தனிக்கட்டைதான். குளிர்காலம் முழுக்க அவர் வாசல் பனியையும் இவரே தள்ளிவிடுவார். ஆனால் “இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

“நாளைக்கு உன்கிட்ட தரைக்குப் பலகை பாக்க வர்றாங்க. காய நாளாகுற மாதிரி ஒண்ணை அவங்க தலையில கட்டிடு. எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?”

மார்னி விழுந்து விழுந்து சிரித்தாள். “பொய் சொல்ல மாட்டேன். உண்மையையே கொஞ்சம் இழுத்துச் சொல்றேன்.”

மறுநாள் ஐலி வந்தார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓர் அதட்டலில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல்.

“எனக்கு இதுதான் வேணும். தொழிற்சாலையிலயே வார்னிஷ் அடிச்சு வர்றது. காலையில நீ ஆணி அடி, சாயங்காலம் நான் நடக்கணும்.”

“அதுல பலகைக்குப் பலகை ஒரு பள்ளம் இருக்குமே. ரொட்டித்தூள் எல்லாம் அங்கேதான் குடித்தனம் பண்ணும்.”

“என்கிட்ட விளக்குமாறு இருக்கு.”

“தேய்ச்சு மழமழன்னு வர்ற பலகை பாக்குறீங்களா? வார்னிஷ் மட்டும் வீட்டுல அடிக்கணும். மூணு நாள் ஆகும்.”

“மூணு நாள் நான் என்ன, கூரையிலயா தொங்குறது?”

மார்னி கடைசி அம்பையும் எய்துவிட்டாள். “அப்போ வெறும் பலகையைப் போட்டு, அங்கேயே தேய்ச்சு, மூணு பூச்சு எண்ணெய் வார்னிஷ் அடிக்கலாம். வீடு முழுக்க ஒரே கண்ணாடி மாதிரி இருக்கும். என்ன, அந்த வாடைக்கு உள்ளே இருக்க முடியாது. ஒரு வாரம் வேற எங்கேயாவது தங்கணும். எல்மர் வீட்டு மாடி ரூம் காலின்னு கேள்வி.”

“எல்மர் வீட்டுலயா?” ஐலி கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். “இது பெரிய ரோதனையா இருக்கே” என்று முணுமுணுத்தவர், கைப்பையைத் துழாவி வீட்டுச் சாவிகளில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “என்னைக்கு ஆரம்பிக்கிறே?”

வேலை தொடங்கியது. ஐலியின் வீட்டில் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டே மார்னி ஜன்னல் வழியாக எல்மர் வீட்டைப் பார்த்தாள். முதல் நாள் எல்மரும் ஐலியும் வாசல் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சீட்டாட்டம். ஐலி ஏமாற்றுவதாக எல்மர் கத்தினார்! ஐந்தாம் நாள் சமையலறையில் வானொலி அலற, இருவரும் காலுறையோடு போல்கா ஆடிக்கொண்டிருந்தார்கள். மார்னியின் பிரஷ் பிடித்த கையும் தாளம் போட்டது.

ஏழாம் நாள் தரை சுக்காகக் காய்ந்திருந்தது. ஐலிக்குத் தெரியாமல் எல்மர் மூச்சிரைக்கக் கடைக்கு ஓடிவந்தார்.

“இன்னும் ரெண்டே ரெண்டு நாள், மார்னி! கேக்க வேண்டியதை இன்னும் கேக்கல. வாய் வரைக்கும் வருது, ‘ஏரியில காத்து பலமா இருக்கு’ன்னு முடிஞ்சிடுது.”

“போய்யா! இப்போ நிஜமாவே பொய் சொல்ல வைக்கிறே!” என்றாலும், அவர் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. எல்மர் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். ஐலிதான் எடுத்தார்.

“ஐலி, மன்னிச்சுக்குங்க... மூலையில இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு. ரெண்டு நாள் கூட ஆகும்போல.”

மறுமுனையில் வானொலி சட்டென்று நின்றது. மாட்டிக்கொண்டோம் என்று மார்னி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் எல்மர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

அங்கே ஒரு கதவு மெல்லச் சாத்தப்படும் ஓசை. அப்புறம் பேருந்தையே அடக்கிய அந்தக் குரல், கிசுகிசுப்பாக வந்தது.

“தரை நேத்தே காஞ்சிடுச்சு, நான் நடந்து பாத்துட்டேன். அவர் கேட்டா இன்னும் பத்து நாள்னு சொல்லு!”