லெவல் ஏழு

“உங்க குட்டு இன்னிக்கு வெளிப்பட்டுடும்மா” என்று மேனேஜர் சொன்னபோது, நெட்வொர்க் இன்ஜினியர் சுவரோரமாகக் கைகட்டி நின்றிருந்தாள். அவளுடைய நாற்காலியில் மேனேஜரின் மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சான் ஒரு நிபுணர். எதில் என்று கேட்கக் கூடாது. மேனேஜரின் மனைவி சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு மாதமாக அலுவலகத்தில் நெட்வொர்க் விழுவதும் எழுவதுமாக இருந்தது. “எல்லா கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி பழசாயிடுச்சு சார், மாத்தியே ஆகணும்” என்று அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள். புதுப் பெட்டி வாங்குவதைவிட, அதைக் கேட்டு நச்சரிப்பவளை அனுப்பிவிடுவது சுலபம் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். பெட்டியில் குறையில்லை, கோளாறே அவள்தான் என்று சாட்சி சொல்லத்தான் மச்சான் வந்திருந்தார்.

லேப்டாப்பிலிருந்தே ஸ்விட்சுக்குள் நுழைந்து, கறுப்புத் திரையில் டகடகவென்று கட்டளைகளைத் தட்டினார் மச்சான். “லாகை லைவ்ல விடுறேன் அத்தான். பெட்டிக்குள்ள ஈ பறந்தாலும் அந்த நிமிஷமே இங்க வரி ஓடும்.”

“லெவல் அஞ்சு வெச்சா போதும் சார்” என்றாள் அவள். “முக்கியமானது மட்டும் வரும். ஏழு வெச்சா ஒண்ணு விடாம எழுத ஆரம்பிச்சுடும், பழைய பெட்டி வேற, தாங்காம...”

“மடியில கனம் இல்லாதவங்க ஏழுக்கு ஏம்மா பயப்படணும்?” என்று மேனேஜர் மடக்கினார். மச்சான் ஏழு என்று தட்டினார்.

வரிகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. மச்சானுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை என்பது அவர் தாடையைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. நல்லவேளை, கொட்டுவது சட்டென்று நின்றது.

சற்று நேரம் போனது. ஒரு வரிகூட வரவில்லை. காலையிலிருந்து புகாராக அலறிக்கொண்டிருந்த மேசை போனும் வாயை மூடிக்கொண்டது.

“ஒரு எரர் கூட இல்ல அத்தான். பெட்டி கிண்ணுனு இருக்கு” என்று மச்சான் தீர்ப்பு வழங்கினார்.

“சார், நான் ஒரே ஒரு தடவை பாத்துட்டு...”

“நீங்க கையே வைக்க வேணாம். நீங்க கை வைக்காததாலதான் இது ஒழுங்கா ஓடுது.” மேனேஜருக்குப் பெருமை பிடிபடவில்லை. மச்சானின் தோளில் தட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “நாளையிலிருந்து நீங்க வர வேணாம்மா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, வரவேற்பறைப் பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“சார், எல்லா மாடியிலயும் நெட்வொர்க் செத்துக் கிடக்கு, போனும் அதுலதானே ஓடுது, அதான் படியேறி வந்தேன்!”