சைக்கிளின் முறை

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. வராந்தாவில் நின்ற சைக்கிளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தணிகைவேல் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. அதற்காக நேற்றே டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தார்.

ஒருவழியாகக் கேட் திறந்தது. பனியன் தொப்பலாக நனைந்திருக்க, தணிகைவேல் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

"இன்னிக்கு ஓட்டம் பிரமாதம்!" என்றது அவர் காலிலிருந்த ஷூ. "ஏரிக்கரை மேட்டுலகூட மூச்சு வாங்கலை, தெரியுமா?"

"எந்த ஓட்டம்?" என்றது மணிக்கட்டிலிருந்த கடிகாரம். "கிளம்பும்போது என் பொத்தானை அழுத்த மறந்துட்டார். என்கிட்ட சைபர்தான் இருக்கு."

"அப்போ என் அடியில ஒட்டியிருக்கிற ஏரிக்கரைச் சேறு?"

"அதை யாருக்கு அனுப்பிக் காட்ட முடியும்?"

தணிகைவேல் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. பொத்தானை அழுத்திவிட்டு, வந்த வழியே மறுபடி ஓட ஆரம்பித்தார்.

"அப்போ நான்?" என்று கத்தியது சைக்கிள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் வராந்தாவுக்குள் வந்துவிட்டது. சைக்கிள் கேட்டையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனது. கடைசியில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து தணிகைவேல் இறங்கினார்.

சைக்கிளுக்குப் பகீரென்றது. "ஐயையோ, கால்ல அடியா?" என்று ஷூவிடம் கேட்டது.

"காலுக்கு ஒண்ணுமில்லை," என்றது ஷூ. "பாதி வழியில கடிகாரத்துக்குச் சார்ஜ் தீர்ந்துபோச்சு."