பேரீச்ச ஓலைக் குல்லா

பாலைவனத்து நடுவே ஒரு பேரீச்சந்தோப்பு. அங்கே சேவல்களின் ராஜ்ஜியம். ஒருநாள் விடியலில் கூவப்போன பெரிய சேவலுக்குக் கீச்சென்று குரல் பிசகிவிட்டது. மூன்று நாள் கூட்டம் போட்டுக் காரணம் கண்டுபிடித்தார்கள்: கோழிகளின் கொண்டை கண்ணில் பட்டதுதான் குற்றம். இனிமேல் கோழிகள் எல்லாம் ஓலைக் குல்லா போட வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஷஹ்லா என்ற கோழி மட்டும் போடவில்லை.

"அவரு தொண்டை கெட்டா, என் தலைய ஏன் மூடணும்?" என்றாள்.

காவல் சேவல் மர்சூக் வந்தான். கொண்டை கிழிய, மண்டையில் ஓர் இறகு மிஞ்சாமல் கொத்தினான். அதற்குப் பிறகு அவளும் குல்லா போட்டாள்.

வருஷங்கள் போயின. பெரிய சேவலின் மகன் பட்டத்துக்கு வந்தான். கடல்தாண்டி விருந்துக்கு வந்த வாத்துகள் குல்லாக்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டன. அவனுக்கு மானமே போய்விட்டது. எந்தக் கோழியும் குல்லா போடக் கூடாது என்று மறுநாளே சட்டம் போட்டான்.

இளங்கோழிகள் துள்ளிக் குதித்துக் கழற்றி எறிந்தன. ஷஹ்லாவும் ஆசையாகத்தான் கழற்றினாள். மொட்டை மண்டையில் வெயில் பட்டதும் தழும்பு தீயாக எரிந்தது. திரும்பவும் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலமே மர்சூக் வந்து நின்றான்.

"கழற்று."

"எரியுதுய்யா. நீ கொத்தின தழும்புதானே இது?"

மர்சூக் குல்லாவைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

"நான் கொத்தினதுதான்" என்றான், கொஞ்சம் பெருமையோடு. "அன்னைக்கும் நீ சொன்னபேச்சு கேக்கல."

அலகை மணலில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு கிட்டே வந்தான்.