ஆள்மாறாட்டப் புகார்

“எந்தப் பாவி பார்த்த வேலையோ, சேனலையே முடக்கிட்டாங்களே!” தையல் மெஷின் முன்னால் இருந்து எழுந்த சின்னவள், போனைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூன்று லட்சம் பேர் பார்க்கும் ‘தையலக்கா’ சேனல் இருந்த இடத்தில் இப்போது இரண்டே வரி அறிவிப்புதான் இருந்தது.

“காலர் வைக்கிற வீடியோவைத் திருடிப் போட்டு மாட்டினாளே ஒருத்தி, அவ வேலையா இருக்கும்,” என்றான் கணவன்.

“திருட்டுப் புகாருன்னா சமாளிச்சிருப்பேங்க. இது ஆள்மாறாட்டமாம்! மெயிலைப் படிச்சுப் பாருங்க.”

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கவே படித்தான். ‘இந்தச் சேனலில் பேசுபவர் இதன் உரிமையாளர் அல்ல. உரிமையாளர் காலமானதை அவர் குடும்பத்தார் ஒருவர் இறப்புச் சான்றிதழோடு தெரிவித்துள்ளார். சரிபார்த்த பிறகே முடக்கியிருக்கிறோம். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிட மாட்டோம்.’

சின்னவள் மெஷின் முன்னாலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மறுக்கவும் வழியில்லையே! தையலக்கா என்பது அவளுடைய அக்கா. எட்டு மாதத்துக்கு முன்னால், தான் குடியிருந்த ஊரில் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதே வாரம்தான் இங்கே அம்மாவுக்கு இதய ஆபரேஷன். அதிர்ச்சியான சேதி எதையும் காதில் போடக் கூடாது, போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்கா வீடியோவில் முகம் காட்டியதே கிடையாது. துணியும் இரண்டு கையும்தான் தெரியும். குரலோ இருவருக்கும் அச்சு அசல் ஒன்று. அத்தானிடம் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு, “வணக்கம், நான் உங்க தையலக்கா!” என்று ஆரம்பித்தவள்தான் சின்னவள். கடையின் உள்ளறையைச் சாத்திக்கொண்டு கலகலவென்று பேசி முடிப்பாள். கேமராவை அணைத்ததும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுவாள்.

மாடி வீட்டில் அம்மா தினமும் நாலு மணிக்கு அதை டிவியில் பார்ப்பாள். “பெரியவ நல்லாத்தான் இருக்கா,” என்பாள். முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஊரார் விண்ணப்பத்தில் எல்லாம் பிழை பிடித்தவள், பெற்ற பெண் சொன்ன பொய்யில் மட்டும் ஒரு பிழையும் பிடிக்கவில்லை.

“இப்ப அத்தைகிட்ட என்னன்னு சொல்லப் போற?” என்றான் கணவன்.

“அதை அப்புறம் பாக்கலாம். குடும்பத்தார்னா வேற யாரு? அத்தான்தான்! அவருக்கு மறுகல்யாணப் பேச்சு நடக்குதாமே, பழசெல்லாம் உறுத்துது போல.” உடனே அவர் நம்பரைப் போட்டாள்.

“மனசாட்சியே இல்லையா அத்தான் உங்களுக்கு? எங்கம்மாவைக் கொல்லப் பாக்குறீங்களா?”

விஷயம் புரியவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் உடைந்தது. “நானாம்மா? அந்தக் குரலைக் கேட்டுட்டுத்தான் நான் தினம் சாப்பிடவே உக்காருறேன். நான் போய் அதை நிறுத்துவேனா? கல்யாணமும் வேணாம்னு சொல்லிட்டேன். சான்றிதழ்கூட என்கிட்ட இல்லையே, அன்னைக்கே உன் கையில குடுத்துட்டேனே!”

“நடிக்காதீங்க!” என்று போனை வைத்தாள். கோபத்தில் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மணி நாலாகப் போகிறது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது.

படியேறும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். அம்மா வழக்கம்போல டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் டிவியைப் போட்டிருக்கவில்லை.

“அம்மா, அக்கா இருக்கிற இடத்துல நெட் சரியில்லையாம். ரெண்டு நாளைக்கு வீடியோ வராதாம். நீ ஒண்ணும் கவலைப்படாதே, அவ நல்லா...”

எட்டு மாதமாக மளமளவென்று வந்த பொய் இன்றைக்குப் பார்த்துப் பாதியிலேயே நின்றுவிட்டது. ஐயோ, இந்த முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாளே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கலைந்து கிடந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“புகார் கொடுத்தது நான்தான்டி. அக்காவா இருந்தது போதும், வா, சேர்ந்து அழலாம்.”