ஒரு டப்பா ரோஸ்

சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. அந்தக் கோடுகளுக்கு நடுவே இரண்டு ரோஸ் பெயின்ட் பட்டைகள். இடப்பக்கத்தது காய்ந்துவிட்டது, வலப்பக்கத்தது இப்போதுதான் பூசியது, சற்று வெளிறி மினுங்குகிறது. "உன் ரூமு, உன் இஷ்டம். எதுன்னு நீயே சொல்லிடும்மா," என்று தாராளமாகச் சிரிக்கிறாள் மாமியார். நீலம் நீலம் என்று கேட்டு வாய் ஓய்ந்துபோன மருமகள் புருஷனைப் பார்க்கிறாள். அவன் போனுக்குள் தலையை விட்டிருக்கிறான். "வலப்பக்கம் இருக்கறது, அத்தை." "அப்பாடா! நீயே சொன்னது. அப்புறம் எங்க மேல பழி போடக் கூடாது." பெயின்டர் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து பிரஷ்ஷை முக்குகிறார். அறையில் இருப்பதே அந்த ஒரு டப்பாதான். அவள் சுவரைப் பார்க்கிறாள். அவள் தேர்ந்தெடுத்த பட்டை காயக் காய, இடப்பக்கத்து நிறமாகவே மாறிக்கொண்டிருக்கிறது.